கேக் கடையும் ஜேன் ஆஷரும்

அன்புள்ள ஐயா,

பீட்டில்ஸ் இசைக்குழு பற்றிய உங்கள் கட்டுரையில், நடிகை ஜேன் ஆஷர் பிற்பாடு லண்டனில் கேக் கடை வைத்தார் என்று ஒரு வரியில் சொல்லிச் சென்றிருந்தீர்கள். அந்தக் குழுவின் பாடகர் பால் மெக்கார்ட்னிக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த நடிகை மாவு பிசையும் நிலைக்கு வந்தது வருத்தமாக இருந்தது. பட வாய்ப்புகள் நின்றுபோனதுதான் காரணமா?

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

வருந்த வேண்டியதில்லை. 1967 கிறிஸ்துமஸில் அறிவிக்கப்பட்ட அந்த நிச்சயதார்த்தம் மறு ஆண்டே முறிந்தது. செல்சி பகுதியில் அவர் கடையைத் திறந்ததோ 1990இல். 1952இலேயே குழந்தை நட்சத்திரமாகத் திரைக்கு வந்தவர், கடை திறந்த பிறகும் மேடையிலும் தொலைக்காட்சியிலும் தொடர்ந்து நடித்துக்கொண்டுதான் இருந்தார். விருந்து கேக்குகள் பற்றிய அவருடைய புத்தகம் 1982லேயே வந்துவிட்டது என்பதால், கைத்தொழிலைக் கற்ற பிறகே கடை வைத்தார் என்பதுதான் சரி.

'மாவு பிசையும் நிலை' என்கிறீர்கள். கேக் மாவை யாரும் பிசைவதில்லை. பிசைய வேண்டியது மேலே போர்த்தும் சர்க்கரைப் பசையைத்தான். நன்றாக ஆறிய கேக்கைக் கத்தியால் கோட்டையாகவோ ரயிலாகவோ செதுக்கி, வெண்ணெய்க் கிரீம் தடவி, அதன்மேல் அந்தப் பசையை மெல்லிய விரிப்பாகத் தேய்த்துப் போர்த்தி, மடிப்பு விழாமல் உள்ளங்கையால் நீவிவிட வேண்டும். கெடாமல் இருக்கட்டும் என்று குளிர்பெட்டியில் வைத்தால், வெளியே எடுத்ததும் பசை வியர்த்து வண்ணம் வழிந்துவிடும். ஆகவே முன்கூட்டியே செய்து அடுக்கிவைக்கவும் வழியில்லை. குழந்தையின் பிறந்தநாளையோ தள்ளிப்போட முடியாது. மேடை நாடகத்தில் பழகியவருக்கு இந்தக் கெடு புதிதாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

நடிகை என்ற பெயர் வியாபாரத்துக்கு உதவவே செய்தது. வீட்டில் கேக் செய்வதற்கான மாவுக் கலவைகள் அவர் பெயரிலேயே விற்பனைக்கு வந்தன. நம்மூரில் நடிகர் ஒருவர் ஓட்டல் திறந்தால் அதை முதலீடு என்கிறோம். நடிகை அடுப்படிப் பக்கம் போனால் மட்டும் 'பாவம்' என்று சொல்லத் தோன்றுகிறது. அந்தப் பாவத்தில் நம் ரசிக மனத்துக்குத்தான் பங்கு அதிகம்.

அவரை நடிகையாக அறிய விரும்பினால், போலந்து இயக்குநர் ஜெர்சி ஸ்கோலிமோவ்ஸ்கி 1970இல் எடுத்த 'டீப் எண்ட்' படத்தைப் பாருங்கள். லண்டனின் பொதுக் குளியலகம் ஒன்றில் வேலை பார்க்கும் பெண்ணாக வருகிறார். பீட்டில்ஸ் கதைகளில் அவருக்குக் கிடைக்கும் ஒற்றை வரியைவிட அதில் அவர் எவ்வளவோ பெரியவர்.