‘கோ ஆஃப்’ படுத்தும் பாடு

ஐயா வணக்கம்,

ஆங்கிலத்தில் ‘கோ ஆஃப்’ (go off) என்பதற்கு மட்டும் ஒரு பக்கம் நிறைய அர்த்தம் எழுதி வைத்திருக்கிறேன். அலாரம் கோஸ் ஆஃப் என்றால் அடிக்கிறது, லைட் கோஸ் ஆஃப் என்றால் அணைகிறது. ஒன்று தொடங்குகிறது, மற்றது நிற்கிறது. ஒழுங்கே இல்லாத இந்த மொழியை எப்படி மனப்பாடம் செய்வது? நல்ல அகராதி எது? என் உச்சரிப்பும் மோசம்.

சு.

அன்புள்ள சு.,

உச்சரிப்பை விடுங்கள், கேட்பவருக்குப் புரிந்தால் போதும். அகராதி எதுவானாலும் சரி, எடுத்துக்காட்டு வாக்கியங்கள் நிறைய இருக்கட்டும்.

ஒரு பக்கத்தைப் பொறுமையாக எழுதி நிரப்பிய உங்கள் மேல் எனக்குப் பிரியம்தான். ஆனால் அது வீண் வேலை. ‘ஒழுங்கே இல்லாத மொழி’ என்று எழுதினீர்களே, அதற்குத்தான் கோபம் வந்தது. வெயில் அடிக்கிறது, மணி அடிக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது, சுவருக்கு வெள்ளை அடிக்கிறார்கள், வேலையை விட்டுவிட்டு அரட்டை அடிக்கிறார்கள். இதற்கெல்லாம் என்றைக்காவது பட்டியல் போட்டீர்களா? பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பார்த்தே புரிந்துகொண்டீர்கள். அந்தத் தாராளத்தை ஆங்கிலத்திடமும் காட்டினால் என்ன?

வினையோடு ஒரு சின்னச் சொல் சேர்ந்து அர்த்தத்தையே மாற்றிவிடும் இந்த வழக்கு அயலாருக்குப் பெரும் சிரமம் என்று ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சனே 1755இல் அதன் முன்னுரையில் ஒத்துக்கொள்கிறார். ஆகவே சிரமப்படுவது நீங்கள் மட்டுமல்ல. ஆனால் நீங்கள் முறைத்துப் பார்ப்பது ‘கோ’வை. பார்க்க வேண்டியது ‘ஆஃப்’.

ஆஃப் என்றதும் நமக்கு சுவிட்சு நினைவுக்கு வந்துவிடுகிறது. மின்சாரத்துக்கு எவ்வளவோ காலம் முந்திய சொல் அது. ‘உடைய’ என்ற பொருளில் வரும் ஆஃபும் (of) இதுவும் (off) பழைய ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். இரண்டு எழுத்துக்கூட்டலாகப் பிரிந்ததெல்லாம் பிற்பாடு. (தமிழில் எழுதினால் இன்றைக்கும் ஒன்றுதான்!) அடியில் கிடக்கும் அர்த்தம் விலகுவது, விடுபடுவது. இப்போது பாருங்கள். துப்பாக்கியில் பிடித்து வைத்திருந்த விசை விடுபடுகிறது, வெடிக்கிறது. சாவி கொடுத்த கடிகாரத்தில் முறுக்கி வைத்த வில் விடுபடுகிறது, அலாரம் அடிக்கிறது. விளக்கு எரிகிற நிலையை விட்டு விலகுகிறது. பால் நல்ல நிலையை விட்டு விலகுகிறது, அதாவது கெட்டுப்போகிறது. அட, நாமும் அங்கே ஒரு ‘போ’வைச் சேர்த்துத்தானே சொல்கிறோம்! அணைந்துபோயிற்று, புளித்துப்போயிற்று, மறந்துபோயிற்று. எங்கே போயிற்று என்று யாரும் கேட்பதில்லை.

இன்னொன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ்காரர்கள் ‘ஷீ வென்ட் ஆஃப் ஹிம்’ என்பார்கள். உங்கள் பக்கத்தில் இது இருக்கிறதோ இல்லையோ, தேடாதீர்கள். அவள் விலகியது எதிலிருந்து என்று யோசியுங்கள். அவன் மேல் இருந்த ஆசை விட்டுப்போயிற்று, அவ்வளவுதான்.