முதுகில் ஊசி போட்டால் தலைக்கு ஆகுமா? மயக்க மருந்து டாக்டரிடம் கேளுங்கள்

சேலத்தில் மயக்க மருந்து டாக்டராக இருக்கிறேன். மூட்டு ஆபரேஷன் பற்றிக் கேட்கச் சொன்னதில், பாதிப் பேர் தலையைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள்.

டாக்டர், அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்ற வேண்டும். முதுகில் ஊசி போட்டால் மூளை பாதிக்குமா? (அம்மாபேட்டை)

பயப்படாதீர்கள். மூளையும் தண்டுவடமும் ஒரே நீரில்தான் மிதக்கின்றன. மொத்தம் சுமார் 150 மில்லி. தினமும் 500 மில்லி வரை புதிதாக ஊறும். ஊசி சரியான இடத்தைத் தொட்டதும் அதன் பின்முனையில் கண்ணாடி போல ஒரு சொட்டு எட்டிப்பார்க்கும். அதைப் பார்த்த பிறகுதான் மருந்து ஏற்றுவோம், அதுவும் 3 மில்லி அளவுக்குத்தான். தலைக்குள் வேறு பிரச்சினை இல்லாதவருக்கு இதனால் அழுத்தம் பெரிதாக மாறாது.

அக்காவுக்கு ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள், எழுந்து உட்கார்ந்தாலே தலை வெடிக்கிற வலி. மலையேறி வந்ததாலா? (ஏற்காடு)

இருபது கொண்டை ஊசி வளைவு மேல் பழி போட வேண்டாம். ஊசித் துளை வழியாக நீர் கசிந்து, மண்டைக்குள் அழுத்தம் குறைந்திருக்கலாம். படுத்தால் அடங்கும், எழுந்தால் வலிக்கும், அதுதான் அடையாளம். 1898-ல் இந்த ஊசியை முதன்முதலில் போட்ட ஜெர்மன் டாக்டர் ஆகஸ்ட் பியர், தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்து இதே தலைவலியில் பல நாள் படுத்துக் கிடந்தார். இப்போது ஊசி மெல்லியது, அதனால் அபூர்வம். தண்ணீர், காபி, வலி மாத்திரையில் பெரும்பாலும் சரியாகிவிடும். அடங்காவிட்டால் அவருடைய ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து முதுகில் செலுத்தித் துளையை அடைப்போம். ஆபரேஷன் செய்த டாக்டரிடம் இன்றே சொல்லுங்கள். காய்ச்சல், கழுத்துப் பிடிப்பு, பார்வை இரட்டையாகத் தெரிவது, படுத்தாலும் வலி என்றால் உடனே மலையிறங்குங்கள்.

அப்பாவுக்கு மூளையில் கட்டி இருக்கிறது. இடுப்பு மூட்டு உடைந்துவிட்டது. (ஓமலூர்)

இங்கேதான் உண்மையான ஆபத்து. கட்டியால் ஏற்கெனவே அழுத்தம் ஏறியிருந்தால், கீழே துளை போடும்போது மூளை கீழ்நோக்கி நழுவி உயிருக்கே ஆபத்தாகலாம். எபிடியூரல், அதாவது அந்த நீரைச் சுற்றியுள்ள உறைக்குத் துளை போடாமல் அதற்கு வெளியே மருந்து ஏற்றுவது, வேறு மாதிரி ஆபத்து: அதில் மருந்தின் அளவு அதிகம், அது உறையை வெளியிலிருந்து அழுத்தித் தலைக்குள் அழுத்தத்தைக் கூட்டும். ஸ்கேன் பார்த்து, நரம்பியல் சர்ஜனிடம் கேட்காமல் முதுகைத் தொடக் கூடாது. வலிக்குக் காலின் நரம்பை மட்டும் மரக்கடிக்கலாம். அது அந்த நீரைத் தொடுவதே இல்லை. ஆபரேஷனுக்கு முழு மயக்கமும் கொடுக்கலாம். எலும்பு டாக்டரிடம் சொல்லியாயிற்று என்று இருந்துவிடாதீர்கள். மயக்க டாக்டர் கையிலேயே பழைய ஸ்கேனைக் கொடுங்கள்.

ஊசி போட்டபின் தலையணை வைக்கவே கூடாதாமே? (ஆத்தூர்)

அசையாமல் படுத்திருப்பதால் அந்தத் தலைவலி வராமல் இருப்பதில்லை. தாராளமாக வைத்துக்கொள்ளட்டும்.