லேப்டாப்பே போதும் என்கிறார்களே, வீடியோ எடிட்டர்களுக்கு இனி டெஸ்க்டாப் வொர்க்ஸ்டேஷன் தேவைப்படுமா?

தேவைப்படும், ஆனால் எல்லோருக்கும் அல்ல. 2021-ல் ஆப்பிள் லேப்டாப்களுக்கு வந்த எம்1 ப்ரோ, எம்1 மேக்ஸ் சிப்புகளில், வீடியோவைச் சுருக்கி விரிக்கும் வேலைக்கென்றே உள்ள மீடியா இன்ஜின் ப்ரோரெஸ் (எடிட்டிங்குக்கான ஆப்பிளின் வீடியோ வடிவம்) கோப்புகளுக்கும் கைகொடுத்தது. சாதாரணமாக வெட்டி ஒட்டும் வேலைக்கு லேப்டாப் தாராளம்.

டெஸ்க்டாப் ஜெயிப்பது நீண்ட ரெண்டரில், அதாவது எடிட் செய்ததையெல்லாம் கணக்கிட்டு முழு வீடியோவாக்கும் வேலையில். நாய்ஸ் ரிடக்‌ஷன் (படத்தின் புள்ளி இரைச்சலைக் குறைப்பது) போட்ட ஒரு மணி நேர டைம்லைனை எக்ஸ்போர்ட்டுக்கு விட்டுப் பாருங்கள். லேப்டாப் விசிறி இரைய ஆரம்பிக்கும், அப்புறம் சூடு தாங்காமல் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காற்றோட்டமுள்ள பெரிய பெட்டிக்கு அந்தத் தொல்லை குறைவு.

ஆனால் பெட்டியைத் திறந்து மெமரி சேர்க்கிற சுகம் போய்க்கொண்டிருக்கிறது, எனக்கு அதில் வருத்தம்தான். ஆப்பிளின் டெஸ்க்டாப்பான 2019 மேக் ப்ரோவில் 1.5 டிபி (சுமார் 1,500 ஜிபி) வரை போடலாம். 2023 மாடலில் அதிகபட்சம் 192 ஜிபி, அதையும் வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டும். விண்டோஸ் டெஸ்க்டாப் பக்கம், முழுப் பெட்டியையும் மாற்றாமல் கிராபிக்ஸ் கார்டை மட்டும் இன்னும் கழற்றி மாற்றலாம்.