மைக்ரோவேவ் பழுதாகிவிட்டது. 15,000 ரூபாய்க்குள் புதிது வாங்க வேண்டும். கன்வெக்‌ஷன் வாங்கலாமா (கேக் சுடும் ஓவனும் சேர்ந்தது), சோலோ (சூடாக்க மட்டும்) போதுமா? மதியம் மாமனாரும் அதில்தான் சாப்பாடு சூடு பண்ணிக்குவார்.

"மதியம் மாமனாரும் அதில்தான் சாப்பாடு சூடு பண்ணிக்குவார்" என்று கேள்வியின் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். நீங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், பகலில் வீட்டில் அவர் மட்டும்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் சோலோ வாங்குங்கள். 20 லிட்டர், டச் இல்லாமல் கையால் திருகுகிற மாடல். ஆறாயிரம், ஏழாயிரத்துக்குள் முடிந்துவிடும்.

நாங்கள் திருச்சியில் இருக்கிறோம். 2014 தீபாவளிக்கு 28 லிட்டர் கன்வெக்‌ஷன் வாங்கினோம், 14,500 ரூபாய். கேக் செய்தது நான்கைந்து முறை. மற்றபடி ஒன்பது வருடமும் அது செய்த வேலை பால், சாம்பார், சோறு சூடாக்கியதும் அப்பளம் சுட்டதும்தான்.

2023-இல் உள்ளே பொறி பறக்க ஆரம்பித்தது. வந்த மெக்கானிக், "மேக்னட்ரான் (சூடாக்கும் அலையை உண்டாக்கும் பாகம்) போயிடுச்சு" என்று 4,200 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். மூன்றே மாதத்தில் மறுபடி பொறி. இரண்டாவதாக வந்த பையன் உள்சுவரில் அட்டை மாதிரி இருக்கும் மைக்கா தகட்டைக் கழற்றிக் காட்டினான். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டி ஒரு மூலை கருகியிருந்தது. "இதாங்க்கா பொறிக்குக் காரணம். மேக்னட்ரான் பழசேதான் இருக்கு, யாரும் மாத்தல" என்றான். புதுத் தகடு 150 ரூபாய். அந்த 4,200-ஐ நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. உங்களுடையதிலும் பொறிதான் பிரச்சினை என்றால் முதலில் அந்தத் தகட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். விளக்கு எரிந்து, தட்டு சுற்றி, சூடு மட்டும் ஏறவில்லை என்றால்தான் மேக்னட்ரான், டயோடு, கெப்பாசிட்டர் பக்கம் போக வேண்டும். நீங்களாகத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கும்.

தகட்டை மாற்றியும் அந்த மெஷினை நான் வைத்துக்கொள்ளவில்லை. அம்மாவுக்கு 78 வயது, கை நடுக்கம் உண்டு. ஒருநாள் கேஸைத் திருகிவிட்டுப் பற்றவைக்க முடியாமல் அப்படியே விட்டிருந்தார். அன்றிலிருந்து பகலில் சிலிண்டரை மூடிவிட்டு, மைக்ரோவேவை மட்டும் பயன்படுத்தச் சொன்னோம். ஒரு மதியம் டச் பேனலில் விரல் தடுமாறி கன்வெக்‌ஷனை அழுத்திவிட்டார். 180 டிகிரி. ரசம் சோறு வைத்திருந்த பிளாஸ்டிக் டப்பா உருகி, வீடு முழுக்கப் புகை. நான் வரும்போது பால்கனியில் உட்கார்ந்திருந்தார். "உனக்குச் செலவு வச்சுட்டேன்டி" என்றார். அதற்கு நான் என்ன சொல்வது?

அந்த வாரமே 5,800 ரூபாய்க்கு சோலோ வாங்கினேன். இரண்டே திருகு, ஒன்று பவர், ஒன்று நேரம். இரண்டு நிமிடத்துக்கு நேராகச் சிவப்பு நெயில் பாலிஷில் பொட்டு வைத்தேன். இப்போது அவராகவே சூடு செய்து சாப்பிடுகிறார்.

"மைக்ரோவேவ் கதிர்வீச்சு, பெரியவங்களுக்கு அதையா கொடுப்பது" என்று யாராவது கேட்பார்கள். இது எக்ஸ்-ரே மாதிரி உடம்பின் செல்களைக் கெடுக்கக்கூடிய அயனியாக்கும் கதிர்வீச்சு இல்லை. உணவில் இருக்கும் நீரைச் சூடாக்கும் அலை, கதவைத் திறந்த நொடியில் நின்றுவிடும். சொந்தக்காரர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். வருடத்துக்கு ஒருமுறை வந்து அரைநாள் இருந்துவிட்டு, "பெத்த தாய்க்குச் சூடா சமைச்சுப் போட ஆளில்ல" என்று போகிறவர்கள், நான் அலுவலகத்தில் லீவுக்குக் கெஞ்சும் நாட்களில் ஒருநாளாவது வந்து அம்மாவோடு இருந்திருக்கிறார்களா? என் அண்ணன்களை யாரும் இப்படிக் கேட்பதில்லை. சரி, அது வேறு கதை.

கன்வெக்‌ஷனே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாரம் ஒருமுறையாவது பேக்கிங் செய்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் அது பெரும்பாலும் 2,000 வாட் அளவிலோ அதற்கு மேலோ இழுக்கும், சமையலறையில் தனி 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். அது இல்லையென்றால் ஒயரிங் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். எதுவானாலும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகாதீர்கள். கரண்ட் பில்லுக்குப் பயந்து ஸ்டார் தேட வேண்டியதில்லை. 1,200 வாட் இழுக்கும் சோலோ தினம் பத்து நிமிடம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 12 யூனிட்தான்.

மிச்சப் பணத்தில் ஓர் ஆயிரத்தை எடுத்து மூடி போட்ட போரோசிலிகேட் (சூடு தாங்கும்) கண்ணாடிக் கிண்ணங்கள் வாங்குங்கள், மாமனார் கைக்கு அடங்கும் அளவில். கடைக்கு அவரையும் கூட்டிப் போங்கள். கதவு சில மாடல்களில் பொத்தானை அழுத்தித் திறப்பது, சிலவற்றில் கைப்பிடியைப் பிடித்து இழுப்பது. எங்கள் அம்மாவால் பொத்தானை அழுத்த முடியவில்லை, இழுக்க முடிந்தது. உங்கள் மாமனாருக்கு எது சரிப்படும் என்று அவரே திறந்து பார்க்கட்டும்.