சுறாப்புட்டு கொடுக்கலாமா?

இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், தூத்துக்குடியில் ஏற்றுமதி மீன்களைச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் 26 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்ற வேதியியலாளர்.

கேள்வி: என் மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. மீனில் பாதரசம் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்ததிலிருந்து, மாப்பிள்ளை மீனே கூடாது என்கிறார். என் மாமியாரோ, பிள்ளை பிறந்ததும் பால் ஊற சுறாப்புட்டு செய்துகொடுக்க வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார். யார் பேச்சைக் கேட்பது? – வாசகி, நாகப்பட்டினம்

இரண்டு பேச்சையும் அப்படியே கேட்க வேண்டாம் அம்மா. மீனை நிறுத்த வேண்டியதில்லை. சுறாவைத் தேடிப் போகவும் வேண்டியதில்லை.

எனக்கும் தலைப்பிரசவத்தில் சுறாப்புட்டுதான். என் மாமியார் சுறாவை வேகவைத்து, சொரசொரப்பான தோலை உரித்து, சதையை உதிர்த்து, ஒரு கைப்பிடி பூண்டு போட்டுக் கிண்டுவார். அவ்வளவு ருசி. அப்போது நான் வேலைக்குச் சேரவில்லை. சேர்ந்த பிறகு அதே சுறாச் சதையை அரை கிராம் நிறுத்து, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, பாதரசம் பார்க்கும் கருவியில் ஏற்றினேன். கரைந்த மீன் தண்ணீர் மாதிரி தெளிவாக நிற்கும். மத்தியைக் கரைத்து வைத்தாலும் சுறாவைக் கரைத்து வைத்தாலும் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் மத்திக்குத் திரையில் கோடு லேசாக அசையும். சுறாவுக்கு மலை மாதிரி எழும்பும். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

காரணம் சிக்கலானதல்ல. நிலக்கரி எரிக்கும் புகையிலிருந்தும் ஆலைக் கழிவிலிருந்தும் கடலுக்கு வரும் பாதரசத்தை, சேற்றிலும் நீரிலும் உள்ள நுண்ணுயிர்கள் உடம்பில் எளிதில் சேரும் மெத்தில் பாதரசம் என்ற வடிவமாக மாற்றுகின்றன. அது மிதவை உயிரிகளுக்குள் போகிறது. அவற்றைத் தின்னும் பொடிமீனில் கொஞ்சம் சேர்கிறது. பொடிமீனைத் தின்னும் மீனில் இன்னும் அதிகம். பல ஆண்டுகள் உயிரோடிருந்து பிற மீன்களையே தின்று வளரும் சுறாவில், அது தின்ற அத்தனை மீனின் கணக்கும் நிற்கிறது.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அட்டவணையில் சுறாவின் சராசரி கிலோவுக்கு 0.98 மில்லிகிராம், மத்தி வகைக்கு 0.013. நம் வஞ்சிரத்துக்கு நெருங்கிய உறவான கிங் மேக்கரலுக்கு 0.73. இதைத் தட்டில் வைத்துப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு 2003இல் சொன்ன வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம். உங்கள் மகள் 55 கிலோ என்றால் வாரத்துக்கு 88 மைக்ரோகிராம். அந்த அட்டவணைப்படி 100 கிராம் சுறாவிலேயே 98 வந்துவிடுகிறது. 100 கிராம் மத்தியில் 1.3தான்.

நம் பால்சுறா சின்னது, அந்த அட்டவணையில் இருப்பவை பெரிய சுறாக்கள் என்று உங்கள் மாமியார் கேட்கலாம். நியாயமான கேள்விதான், சின்னதில் அளவு குறையும். ஆனால் மார்க்கெட்டில் துண்டு போட்டு வைத்த பிறகு எது பால்சுறா, எது பெரிய சுறா என்று நம்மால் சொல்ல முடியுமா?

இதில் பிள்ளை பெறுவதற்கு முந்தைய மாதங்கள்தான் முக்கியம். மெத்தில் பாதரசம் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும். தொப்புள்கொடி இரத்தத்தில் அதன் அளவு தாயின் இரத்தத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய 1.7 மடங்கு. தாய்ப்பாலில் இறங்குவது இதைவிடக் குறைவு. ஜப்பானின் மினமாட்டாவில், சிஸ்ஸோ ரசாயன ஆலையின் கழிவு கலந்த விரிகுடா மீனைச் சாப்பிட்டவர்களுக்கு வந்த நோய் 1956இல் அதிகாரபூர்வமாகப் பதிவானது. அங்கே தங்களுக்கு நோயின் அறிகுறி பெரிதாக ஒன்றும் இல்லாத தாய்மார்களுக்கே மூளை பாதித்த குழந்தைகள் பிறந்தார்கள். ஆலை அந்தக் கழிவை விடுவதை நிறுத்தியது 1968இல்தான். பன்னிரண்டு ஆண்டுகள்! நம் கடல் மினமாட்டா அல்ல, பயப்படாதீர்கள். கருவில் இருக்கும் பிள்ளைதான் முதலில் அடிபடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மாப்பிள்ளையிடம் இதைச் சொல்லுங்கள்: மீனை அடியோடு நிறுத்தினால், பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய ஒமேகா-3 கொழுப்பும் அயோடினும் போய்விடும். நெத்திலி, மத்தி, கானாங்கெளுத்தி, இறால் என்று மாற்றி மாற்றி வாரம் இரண்டு மூன்று முறை, மொத்தம் 225 முதல் 340 கிராம் வரை சாப்பிடட்டும். சுறாவும் பெரிய வஞ்சிரமும் இப்போது வேண்டாம். முன்பு ஒருநாள் சாப்பிட்டிருந்தால் அதை நினைத்துக் கலங்க வேண்டாம். உடம்பில் சேர்ந்தது ஐம்பது நாளில் ஏறக்குறைய பாதியாகும்.

அப்புறம் உங்கள் மாமியாருக்கு. நம் கடற்கரையில் பிள்ளை பெற்றவளுக்குக் காரல் மீனும் கொடுப்பது வழக்கம்தானே? காரப்பொடி என்றும் சொல்வார்கள். உள்ளங்கை அளவு மீன், விலையும் குறைவு. அதைப் பூண்டு தட்டிப் போட்டு அவர் கையாலேயே குழம்பு வைக்கச் சொல்லுங்கள். பெரியவர் மனமும் கோணாது.

கேள்வி: மஞ்சள், கல்லுப்பு போட்டு நான்கு முறை அலசி, புளி ஊற்றி நன்றாகக் கொதிக்க வைத்தால் பாதரசம் போய்விடாதா? – வாசகர், மதுரை

போகாது. அது மேலே ஒட்டியிருக்கும் அழுக்கு அல்ல; சதையின் புரதத்தோடு பிணைந்திருக்கிறது. தோலை உரித்தாலும், பொரித்தாலும், சுண்டவைத்தாலும் அங்கேயே இருக்கும். செவுள் சிவப்பாக இருக்கிறதா, கண் பளபளக்கிறதா என்று பார்ப்பது மீன் புதுசா என்று தெரிந்துகொள்ளத்தான் உதவும். உலோகத்தைக் கடையில் நிற்கும்போதே, மீனின் வகையையும் பருமனையும் பார்த்துத்தான் தவிர்க்க முடியும்.

கேள்வி: நண்டு ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சளை என் பிள்ளைகள் போட்டி போட்டுச் சாப்பிடுகிறார்கள். அதுதான் சத்து என்கிறார்களே? – வாசகி, ராமேஸ்வரம்

ஓட்டைத் திறந்ததும் இரண்டு விதமாகத் தெரியும். ஆரஞ்சு நிறத்தில் கெட்டியாக இருந்தால் சினை. மஞ்சளும் பழுப்புமாகக் குழகுழவென்று இருப்பது நண்டுக்கு ஈரல் மாதிரியான உறுப்பு. காட்மியம் என்ற நச்சு உலோகம் அதில்தான் சேரும். ஐரோப்பிய ஒன்றியம் நண்டுக்குச் சொல்லும் காட்மியம் வரம்பு, கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், கால் சதை போன்ற வெள்ளைச் சதைக்குத்தான்; இந்தக் குழகுழப்பை அவர்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை. காட்மியம் சிறுநீரகத்தில் தங்கினால் பாதியாகக் குறையவே பத்து முதல் முப்பது ஆண்டு ஆகும். எப்போதாவது ஒரு வாய் வைத்தால் ஒன்றும் ஆகிவிடாது. வாராவாரம் பிள்ளைகளுக்கு அதையே ஊட்டுவது வேண்டாம். கால் சதையைக் கொடுங்கள்.

ஊசிக்கணவாய்க்கும் இதே கதைதான். வாங்கியதும் குடலை எடுத்துவிடுங்கள். குடலோடு ஃபிரீசரில் வைத்து எடுத்தால், பனி உருகும்போது அதிலிருக்கும் காட்மியம் சதைக்குக் கசியும்.

கேள்வி: எண்ணூர் முகத்துவாரத்து மட்டி வாங்கலாமா? – வாசகர், திருவொற்றியூர்

நான் வாங்க மாட்டேன். மட்டி ஒரே இடத்தில் கிடந்து, நாள் முழுக்கத் தண்ணீரை உறிஞ்சி வடிகட்டித்தான் சாப்பிடுகிறது. தண்ணீரில் இருக்கும் ஈயமும் காட்மியமும் அதன் உடம்பில் தங்கும். எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் எத்தனை ஆண்டாகக் கலக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். இடுப்பளவுச் சாம்பல் சேற்றில் இறங்கி மட்டி பொறுக்குகிறவர்மேல் இதில் ஒரு குற்றமும் இல்லை. ஐரோப்பாவுக்குப் போகும் ஒரு பெட்டிக் கணவாய்க்கு நாங்கள் எத்தனை சோதனை செய்தோம்! அதே சோதனையை எண்ணூர் மட்டிக்கும் மாதாமாதம் செய்து, முடிவைத் தமிழில் மீன் அங்காடி வாசலில் ஒட்ட வேண்டும் என்று உங்கள் கவுன்சிலரிடம் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: கருவாட்டில் உலோகம் குறையுமா? – வாசகி, கடலூர்

குறையாது. காய்ந்து போவது தண்ணீர் மட்டும்தான், அதனால் அதே எடைக்கு உலோகம் கூடும். நெத்திலிக் கருவாடு பரவாயில்லை. சுறாக் கருவாட்டைக் கர்ப்பிணிகள் தொட வேண்டாம்.