'உதவி' என்ற சொல்லோடுதான் சண்டை

கேள்வி: எங்கள் பக்கத்தில் வயல் செய்வது ஆண்கள். பெண்கள் கூடமாட உதவுவார்கள். அப்படியிருக்க, கமக்காரர் அமைப்பின் நிர்வாகத்தில் பெண்களும் இருக்க வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். தேவையில்லாத பிரச்சினை அல்லவா?
- ஒரு வாசகர், முல்லைத்தீவு

பதில்: அந்த 'உதவி' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. நெல்லுக்குள் முளைக்கும் கோரைப்புல்லை நாள் முழுக்கச் சேற்றில் குனிந்து நின்று பிடுங்குவது யார்? கச்சானை, அதாவது நிலக்கடலையைப் பிடுங்கி, ஆய்ந்து, காயவைப்பது யார்? அடுத்த போகத்துக்கு விதை உழுந்தை எடுத்துவைப்பது யார்? முன்பு நெல் அறுக்கும் அரிவி வெட்டும் பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இருந்தது. வெட்டு மெசின் வந்ததும் அந்தக் கூலியும் போனது. மிஞ்சிய வேலைக்கும் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. கேட்டால் 'அது உதவி வேலைதானே' என்று சாட்டுச் சொல்கிறோம்.

குளத்துத் தண்ணீரை நம்பிச் செய்யும் சிறுபோகத்துக்கான கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். குளத்தில் இருக்கும் தண்ணீருக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்தத் திகதியில் துருசு (மதகு) திறப்பது என்று முடிவெடுக்கும் கூட்டம் அது. பின்வரிசையில் இருந்து ஒரு அக்கா எழுந்தார். விரல் நுனியெல்லாம் களை பிடுங்கிய பச்சைக் கறை. "எங்கட வாய்க்காலுக்குக் கடைசியாத்தான் தண்ணி வருது" என்று தொடங்கினார். "அக்கா, வீட்டில ஆம்பிளையள் ஆரும் இருந்தா வரச்சொல்லுங்கோ" என்று முன்னாலிருந்து பதில் வந்தது. அவர் பேசாமல் இருந்துவிட்டார். அவருடைய கணவர், போர் முடிந்த 2009க்குப் பிறகு வீடு திரும்பவில்லை. அந்த வயலை விதைத்து, உரம் போட்டு, கடனும் கட்டுவது அவர்தான். எனக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

வன்னியில் இப்படி எத்தனை வீடுகள் என்று உங்களுக்கே தெரியும். அரசு கொடுத்த காணி அனுமதிப்பத்திரமான பெர்மிட் கணவர் பெயரில், அமைப்பின் அங்கத்துவம் கணவர் பெயரில், உர மானியப் பதிவும் அந்தப் பெயரில். வேலை மட்டும் இவருடையது. இங்கே நிறையக் குடியேற்றக் காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்டவை. தனக்குப் பின் காணி யாருக்கு என்று பின்னுரித்தாளர் பெயர் எழுதாமல் ஒருவர் இறந்தால், பிள்ளைகளில் மகனுக்குத்தான் முதலிடம் என்றது அந்தச் சட்டம். அதைத் திருத்த 2022 வரை ஆனது. சட்டம் திருந்தினாலும் பழைய பெர்மிட்டுகளில் பெயர் தானாக மாறாது. பிரதேச செயலகத்துக்கு அலைய வேண்டும். களை பிடுங்குகிற நாளில் அலைந்தால் அன்றைய கூலி இல்லை.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் அமைப்பின் அங்கத்தவர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். இறந்தவர்கள், காணாமற்போனவர்கள் பெயர் எத்தனை இருக்கிறது? அந்த வயல்களை இன்று செய்கிறவர்களின் பெயரை, அடுத்த காலபோக (மாரி மழைப் போக) கூட்டத்துக்கு முன் கமநல சேவை நிலையத்தில் பதிந்துகொடுங்கள். கூட்டத்தில் அவர்கள் எழுந்தால் பேசி முடிக்க விடுங்கள். எந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் பிந்துகிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.