வில்லால் தீக்கடையும்போது புகை வருகிறது, கங்கு மட்டும் வரவில்லை என்றால்

வில்லின் கயிற்றில் சுற்றிய குச்சியைப் பலகையில் ஊன்றிச் சுழற்றும்போது புகை நன்றாக வருகிறது, பலகையில் குழியும் விழுந்துவிட்டது, உதிரும் மரத்தூள் மட்டும் காபி நிறத்திலேயே நின்றுவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பாதிக்கு மேல் கடந்துவிட்டீர்கள்.

முதலில் குழியின் ஓரத்தில் வெட்டிய பிளவைப் பாருங்கள். கேக் துண்டு போல, வட்டத்தில் எட்டில் ஒரு பங்கு (சுமார் 45 டிகிரி) அகலம் வேண்டும். முனை கிட்டத்தட்ட குழியின் நடுவைத் தொட வேண்டும். பிளவு ஆழமில்லாவிட்டால் தூள் ஓரிடத்தில் சேராமல் சுற்றிலும் சிதறிப்போகும். தூள் குவிந்தால்தான் சூடு தங்கும். கங்கு பிறப்பது அந்தக் குவியலுக்குள்தான்.

அடுத்து தூள். வெளிர்நிறமாகவும் சொரசொரப்பாகவும் இருந்தால் மேலிருந்து கொடுக்கும் அழுத்தத்துக்கு ஏற்ற வேகம் இல்லை. தொடக்கத்தில் நிதானமாக, வில்லின் முழு நீளத்துக்கும் இழுங்கள். பிளவு நிறைந்த பிறகு அழுத்தத்தையும் வேகத்தையும் சேர்த்துக் கூட்டுங்கள். தூள் கருத்து மாவு போல விழும். குழி பளபளத்துக் கிறீச்சிட்டால் சுரண்டிவிட்டுத் தொடருங்கள்.

பலகைக்கும் குச்சிக்கும் எடுக்கும் மரம், நகத்தால் அழுத்தினால் பதியும் அளவுக்கு மென்மையாக, நன்றாகக் காய்ந்ததாக இருக்கட்டும். பிசின் உள்ள மரம் வேண்டாம்.

கடைவதை நிறுத்திய பிறகும் குவியலிலிருந்து தானாகப் புகை எழுந்தால் கங்கு வந்துவிட்டது. அப்போது அவசரப்பட்டு ஊதாதீர்கள், தூள் பறந்துவிடும். கையால் மெல்ல விசிறி, அது சிவந்து ஒட்டிக்கொண்ட பிறகு உலர்ந்த நாரைக் குருவிக்கூடு போலச் சுருட்டி அதற்குள் வையுங்கள். அப்புறம், பயிற்சிதானே என்று விடாமல் பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.